சொதப்பாததற்கு ஒரு கேக்

எங்கள் அலுவலகத்தில் சொதப்பியவன் எல்லாருக்கும் கேக் வாங்கித் தர வேண்டும். ஓடென்ஸ் நகரில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் ரவுட்டர்களைக் கட்டி மேய்ப்பவன் நான். தெருமுனை பேக்கரிக்காரி என் தலையைக் கண்டதுமே பழுப்புச் சர்க்கரை கேக்கைப் பெட்டியில் வைத்துவிடுவாள். அவ்வளவு புகழ் எனக்கு.

போன வாரம் மேலாளர் ரிக்கே கறாராகச் சொல்லிவிட்டார்.

"அஸ்கர், இன்னொரு தடவை சொதப்புனே, ரவுட்டர் எல்லாத்தையும் யெப்பேகிட்ட குடுத்துருவேன்."

யெப்பே என் பக்கத்து மேசைக்காரன். எதையுமே மறக்காத பிறவி. இதை விட்டால் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

அதனால் இன்று லாரிகளுக்கு வாசல் தடுப்பைத் திறந்துவிடும் கிடங்கு ரவுட்டரின் அமைப்பை மாற்றும் முன் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். ரவுட்டர் ஊருக்கு வெளியே, நான் இங்கே. ஒரு வரி தப்பாக அடித்தால் மறுபடி அதற்குள் நுழையவே முடியாது. ஆகவே, அரை மணியில் தானாகவே அணைந்து எழும்படி முதலிலேயே அதற்குக் கட்டளையிட்டேன். சேமிக்காத மாற்றமெல்லாம் அழிந்து, பழைய அமைப்போடு எழுந்துவிடும். வேலை நல்லபடியாக முடிந்தால் மாற்றத்தைச் சேமித்து, கட்டளையை ரத்து செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

நல்லபடியாகவே முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா! ஒரு லாரிகூட நிக்கல!"

"நம்பவே முடியலப்பா," என்ற யெப்பே, ஓடிப்போய் அவனே கேக் வாங்கி வந்தான். "நீ சொதப்பாததுக்கு ஒரு கேக். சரித்திரத்துலயே முதல் தடவை."

ரிக்கேகூடச் சிரித்து, கத்தியை என்னிடமே கொடுத்தார். முதல் துண்டு என் வாய்க்குள் போனதும் கிடங்கிலிருந்து தொலைபேசி அலறியது. வாசல் தடுப்பு திறக்கவில்லையாம். லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றனவாம்.

ரவுட்டர் சொன்ன சொல் தவறாமல் அணைந்திருந்தது. நான்தான் சேமிக்கவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை.

கரண்ட் போயிருக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. வாய் நிறைய கேக். விழுங்கி முடித்து, "நான்தான்," என்றேன்.

"தெரியும்," என்றார் ரிக்கே. "கேக் ஏற்கெனவே வந்தாச்சு, நல்லது. யெப்பே, ரவுட்டர் மறுபடி எழுந்ததும் அந்த மாற்றத்தை நீ செய். அஸ்கர், நீ பக்கத்துல உக்காந்து, முடிஞ்சதும் 'ரத்து பண்ணு'ன்னு ஞாபகப்படுத்து. அதாச்சும் முடியுமா?"

தலையாட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரவுட்டர் பக்கம் உட்காரவாவது விட்டார்களே என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யெப்பே கடைசி வரியை அடித்தான். நான் வாயைத் திறந்தேன்.

"சேமிச்சாச்சு, ரத்தும் பண்ணியாச்சு," என்றான் அவன். "நீ கேக்கைச் சாப்பிடு."