மச்சான் தேய்த்த நெக்

ஒரு கச்சேரிக்கென்று பேஸ்காரரிடம் இரவல் வாங்கிப்போன பேஸ் கிட்டாரை அவருடைய மச்சான் திருப்பிக் கொடுத்தபோது, கம்பிகள் ஓடும் நீளமான கழுத்தின், அதாவது நெக்கின், பின்பக்கம் வார்னிஷே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான், மேதாவி! அவனும் பேஸ் வாசிக்கிறவன்தான்.

“கட்டைவிரல் ஒட்டுச்சு மாமா. அதான் வழவழன்னு பண்ணிட்டேன்.”

“ஒட்டினா உன் கையைத் தேய்ச்சுக்கோடா! பதினாலு வருஷமா என் கை பழகின நெக்குடா இது!”

ஒத்திகை அறையே அதிரக் கத்திவிட்டு, பேஸ்காரர் அதே ஆத்திரத்தோடு கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தார். கை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அது வேறு எரிச்சல்.

பாட்டு முடிந்ததும் டிரம்மர் நிமிர்ந்தான். “அண்ணே, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க தாளத்துல பின்தங்காம என்கூடவே வந்தீங்க.”

பேஸ்காரர் திரும்பி முறைத்தார். மச்சான் வாயே திறக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.