சாமந்தித் தொட்டிகள் குடித்த அக்டோபர்

அந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு வந்தவர்கள் பகல் ஒரு மணி தாண்டியும் தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். மெரிடித்துக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

வசந்த காலத்தில் விவாகரத்து முடிந்தபோது வீடு அவளுக்கு வந்தது. நாயும் பெரிய டிவியும் கணவன் கிரெய்குக்குப் போயின. நண்பர்களை மட்டும் எந்த வக்கீலும் பிரித்துக் கொடுக்கவில்லை. கிரெய்க் நாலு தெரு தள்ளிக் குடிபோய், ஞாயிறுதோறும் ஒரு மணிக்கு டிவியில் ஃபுட்பால் ஆட்டம் பார்க்க வெர்மான்ட் மாநிலத்தில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மெரிடித் அதே ஆட்களைப் பதினோரு மணிக்கு, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே சாப்பாடான பிரஞ்ச் சாப்பிட அழைத்துவிட்டாள். ஒரு மணிக்கு மேலும் உட்கார்ந்திருப்பவர்கள் அவள் பக்கம், கார் சாவியைத் தேடுபவர்கள் அவன் பக்கம். கணக்கு அத்தனை எளிது.

அவன் வீட்டு பீரையும் கோழி இறக்கையையும் எதை வைத்து ஜெயிப்பது? பானத்தை வைத்துத்தான். தோட்டத்துக்கே போய் அன்று பிழிந்த ஆப்பிள் சாறு வாங்கினாள். கூடவே நுரை பொங்கும் ஒயின், மெல்லிய பேரிக்காய் வில்லைகள், மாதுளை முத்துக்கள். கோப்பை விளிம்பை மேப்பிள் பாகில் தொட்டு, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு கோப்பை கலந்து பார்த்தாள். குமிழிகள் மூக்கில் ஏறின. மாதுளை முத்துக்கள் குதித்துக் குதித்து மேலே வந்தன. மெரிடித் சமையலறையில் தனியாக நின்று கைதட்டினாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்து வைக்கிறவள் வியர்க்கக் கூடாது. மூன்று வாரம் தலைகீழாக நின்று வேலை பார்த்திருந்தாலும், விருந்தாளி வரும்போது இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே மெரிடித் அத்தனை ஒயினையும் அன்று மாலையே குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, சாற்றையும் பழத்தையும் சேர்த்துக் கலக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து ஒளித்தாள். அது ஒரு மணி தாண்டியும் இருப்பவர்களோடு திறப்பதற்கு. குமிழிகள் மறுநாள் காலைவரை இவளுக்காகக் காத்திருக்குமா என்று அவள் யோசிக்கவே இல்லை.

வராந்தா பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாற்காலிக்கு ஒன்றாக சாமந்தித் தொட்டி, படிக்கு ஒன்றாக, மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு உள்ளே குடைந்து வாய் செதுக்கிய பூசணிக்காய். முதலில் வந்த பெத்தனி கல்லூரிக் காலத்துத் தோழி. உறிஞ்சியதும் கண்ணை மூடினாள்.

"அடியே மெரிடித்! அப்படியே அக்டோபரையே குடிக்கிற மாதிரி இருக்குடி! எப்படித்தான் உனக்கு இதெல்லாம் வருதோ!"

"ஒண்ணுமே இல்லடி. சும்மா கைக்குக் கிடைச்சதைப் போட்டேன்."

பெத்தனியின் கணவன் டாட் நெஞ்சில் கைவைத்து, "கடையில விக்கலாம் இதை. சத்தியமா," என்றான். மற்றவர்களும் ஆளுக்கொரு பாராட்டுப் பாடினார்கள். மெரிடித்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வீட்டு ரோண்டா மட்டும்தான் பாடவில்லை. அவளை அழைத்ததே, அழைக்காவிட்டால் கார்களை எண்ணிக்கொண்டு ஜன்னலில் நிற்பாளே என்றுதான். வருடா வருடம் ஒரே பிளாஸ்டிக் பூசணிக்காயைத் துடைத்து வாசலில் வைக்கிறவள். அந்தத் தெருவில் அது கிட்டத்தட்டக் குற்றம்.

ரோண்டா ஒரு மடக்குக் குடித்துவிட்டு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல குமிழியே இல்லையே? நேத்து மூடாம வச்ச சோடா மாதிரி இருக்கு."

எல்லோரும் சட்டென்று பூக்களைப் பார்த்தார்கள்.

"நீங்க அந்த ஓரத்துல உட்காருங்களேன், ரோண்டா. வெயில் நல்லா வரும்," என்றாள் மெரிடித், பல் தெரிய. பிளாஸ்டிக் பூசணிக்காரிக்கு என்ன தெரியும்?

அதற்கப்புறம் கோப்பைகள் காலியாகிக்கொண்டே இருந்தன. மெரிடித் ஊற்றினாள். திரும்பி வந்தால் மறுபடி காலி. அவள் மனதுக்குள் கிரெய்கின் டிவி கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

பன்னிரண்டு மணி வாக்கில் முதல் குளவி வந்தது. அக்டோபர் குளவிக்கு இனிப்பைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லை. அது முட்டைத் தட்டை விட்டுவிட்டு, பெத்தனி பக்கத்துச் சாமந்தித் தொட்டிக்குள் இறங்கியது. பின்னாலேயே பத்து இறங்கின. பிறகு டாட் பக்கத்துத் தொட்டியில் ஒரு கூட்டம், அதற்கடுத்ததில் இன்னொரு கூட்டம்.

மெரிடித் குனிந்து பார்த்தாள். மண்மேல் பேரிக்காய் வில்லைகள் மிதந்தன. பூக்களுக்கு நடுவே மாதுளை முத்துக்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் அப்படித்தான். வாய் செதுக்கிய பூசணிக்காய்க்குள் யாரோ முழுக் கோப்பையையே கவிழ்த்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரம் கிடைக்கவில்லை. டாட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். நாற்காலிகள் விழுந்தன. கார் சாவிகள் தாமாகவே கைக்கு வந்துவிட்டன.

"கிரெய்க் வீடு பக்கம்தானே, அங்க போயிடலாம்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோருக்கும் அது முன்பே தோன்றியிருந்தது போல.

பெத்தனி கார் ஜன்னலை இறக்கி, "அருமையான பார்ட்டிடி! ரெசிப்பி அனுப்பு!" என்றாள்.

மெரிடித் சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியே வராந்தாவைப் பார்த்தாள். எல்லாத் தொட்டிகளிலும் குளவி மொய்த்தது. ஓரத்துத் தொட்டி மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ரோண்டா, காலிக் கோப்பையோடு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மெரிடித் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். "ரோண்டா! சீக்கிரம் உள்ள வா!"

ரோண்டா வந்து, கோப்பையை ஜாடிக் குழாய்க்கு அடியில் நீட்டினாள்.

"அது நல்லா இல்லன்னு சொன்னியே?"

"இப்பவும் நல்லா இல்ல." ரோண்டா தோளைக் குலுக்கினாள். "அதுக்காக? கூப்பிட்டுக் கையில குடுத்திருக்க, கண்ணு. கீழயா ஊத்துவாங்க?"

மெரிடித் அழுதுவிட்டாள், நன்றாக, மூக்கைச் சிந்தி. பிறகு அந்தக் கோப்பையை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்துத் திறந்தாள். தக்கை கூரையில் மோதியது. மிச்சமிருந்த சாற்றில் ஒயின் விழுந்ததும் குமிழிகள் சீறிக்கொண்டு எழுந்தன. ரோண்டா ஒரு மடக்கு குடித்து, தும்மி, "இப்ப சரி," என்றாள்.

போன் ஒலித்தது. பெத்தனியிடமிருந்து செய்தி. "ரெசிப்பி எங்கடி? அடுத்த ஞாயிறு என் வீட்ல பிரஞ்ச். எல்லாரும் அதையே கேக்கறாங்க!"

மெரிடித் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக எழுதினாள். ஆப்பிள் சாறு, ஒயின், பேரிக்காய், மாதுளை. அளவு ஒன்றையும் மாற்றவில்லை. கடைசியில் மட்டும் சேர்த்தாள்: "எல்லாத்தையும் முதல் நாளே கலந்து வச்சிடு. அப்புறம் முக்கியமான விஷயம், ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்துலயும் ஒரு சாமந்தித் தொட்டி வைக்க மறந்துடாதே."