கேமரா டிஸ்க்கில் வைத்த குரல்கள்

1

இந்தக் கதை ஒரு அட்டைப்பெட்டியின் முதுகில் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கப் போயிருந்தேன். பொடி எழுத்தில் ‘கண்காணிப்புக் கேமராக்களுக்கு மட்டும்’ என்று இருந்தது. அந்த ‘மட்டும்’ ஒரு பெண் எழுதியது என்று தோன்றியது. ஏனென்று கேட்காதீர்கள்.

2

மழை பெய்துகொண்டிருந்த அந்தக்

வேண்டாம். நேரே போகிறேன்.

அவள் டிஸ்க் கம்பெனியில் கேட்லாக் எழுதுகிறவள். மடிக்கணினிக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, கையில் கொண்டுபோக ஒன்று, கேமராவுக்கு ஒன்று. கேமரா டிஸ்க் நிற்காமல் ஓடும். ஓரிடத்தில் தடுக்கினால் திரும்பத் திரும்ப முயலாது, தாண்டிப் போய்விடும். ஒரு நொடி போனால் போகட்டும் என்கிற சுபாவம்.

ஊழியர் சலுகையில் அதுதான் கிடைத்தது. உறை போட்டு அக்காவிடம் கொடுத்தாள். தான் எழுதிய ‘மட்டும்’ தன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

அக்கா பேச்சுப் பயிற்சி தருகிறவள்.* பேச்சு வராத பிள்ளைகளின் முதல் சொற்களைப் பதினோரு வருடமாகப் பதிவு செய்து, சேர்த்து அதில் வைத்திருந்தாள்.

(*முதலில் அக்காவை வங்கி ஊழியர் ஆக்கியிருந்தேன். இழக்க அவளிடம் ஒன்றுமில்லை. அடித்துவிட்டேன்.)

3

“என்னடி இது, நடுவுல நடுவுல முழுங்குது. ‘தண்ணி’ன்னு சொன்ன புள்ள ‘த’வோட நிக்குது.”

“வேற எங்கயும் வைக்கலையாக்கா?”

“நீ டிஸ்க் கம்பெனில இருக்கும்போது வேற எங்க வைக்கணும்? எல்லாம் என்னாலதான். போன மாசம் மேசை ஓரத்துலேர்ந்து கீழ போட்டுட்டேன். சொன்னா நீ திட்டுவியோன்னு வாய மூடிக்கிட்டேன்.”

மறுநாள் கம்பெனிச் சோதனைக்கூடத்துக்காரர் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: “விழுந்து அடிபட்ட மாதிரியே இல்ல. கேமரா டிஸ்க்ல போய் இதையெல்லாம் வைப்பாங்களா? நீங்க மாங்கு மாங்குன்னு எழுதுற கேட்லாக்க ஒருத்தரும் படிக்கிறதில்ல போல.”

போன நாற்பத்திரண்டு சொற்களும் போனவைதான்.

4

முடிவு ஒன்று: தான் கொடுத்த டிஸ்க்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறாள். அக்கா சிரித்து மன்னிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், அவ்வளவு சீக்கிரம் வந்த சிரிப்பை நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அக்கா ஆயுள் முழுக்க எதையும் மேசை ஓரத்தில் வைக்காமல் வாழ்கிறாள். அமைதியான முடிவு. எழுதிய என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். மறுபடியும் அக்கா வீட்டு வரவேற்பறை. டிஸ்க்கைத் திரும்ப வாங்கிய அக்கா கேட்கிறாள்: “விழுந்ததாலதானே?”

தங்கையின் வாய் திறக்கிறது. இனி நீங்கள் சொல்லுங்கள். அக்கா அவசரப்படுத்த மாட்டாள். சொல் வராத வாய்க்கு முன்னால் காத்திருப்பதுதான் அவள் தொழில்.