நாற்பத்தொரு பாராட்டுகள்

நாவல் வெளிவந்து மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஒரு வாசகி சுந்தரராமனுக்குப் போன் செய்தார். புனேயிலேயே கோந்த்வா பகுதியில் இருக்கும் விசாலாக்ஷி மாமி.

"புஸ்தகத்துல உங்க நம்பர் போட்டிருந்தது. நன்னா எழுதியிருக்கேள். ஆனா பாருங்கோ, பதினெட்டாம் அத்தியாயம் முடிஞ்சதும் மறுபடி நாலாம் அத்தியாயம் வரது. அதோட புஸ்தகமே தீர்ந்துபோறது. அந்தப் பொண்ணு கேஸை வாபஸ் வாங்கினாளா, இல்லையா? ரெண்டு நாளா எனக்கு மண்டை காயறது."

சுந்தரராமன் வாயைத் திறப்பதற்குள் மாமியே தொடர்ந்தார்.

"நெட்ல நாப்பத்தோரு பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்கா. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒருத்தரும் இதைச் சொல்லலையே! அப்போ என் காப்பி மட்டும்தான் கோளாறா?"

"ஆமாம் மாமி, உங்க காப்பி மட்டும்தான். வேற அனுப்பறேன்." ஒரு காப்பியைக்கூடப் பார்க்காமலே சொன்னார்; முழுப் பூசணிக்காய் அப்படியே சோற்றுக்குள் போயிற்று.

போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து என்று எடுத்துப் புரட்டினார். எல்லாவற்றிலும் பதினெட்டுக்குப் பிறகு நான்கு. கடைசி அத்தியாயமான பத்தொன்பது எதிலுமே இல்லை.

சென்னைப் பதிப்பகம் ஒன்று இந்த நாவலைப் போடத் தயாராகத்தான் இருந்தது. எட்டு மாதம் திருத்த வேண்டும், இரண்டு பேர் மெய்ப்புப் பார்ப்பார்கள் என்றார்கள். இவர் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் மேனேஜர். அடுத்தவன் பிழையைப் பிடித்தே இருபது வருஷம் சம்பளம் வாங்குகிறவர். 'என் எழுத்தில் பிழை பார்க்க இவர்கள் யார்?' என்று கோபம் வந்து, தானே வெளியிட்டுவிட்டார். மாதிரிப் பிரதி வந்தபோது காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டாரே தவிர, திறக்கவில்லை. ஜூனியர் எவனாவது சோதிக்காமல் 'பாஸ்' போட்டால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளும் மனுஷர்!

அந்த நாற்பத்தொரு பேர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள். சம்பள உயர்வை முடிவுசெய்யும் அப்ரைசலுக்கு முந்தின வாரம் இவரேதான் புத்தகப் பக்கத்தின் லிங்க் அனுப்பினார். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத பிள்ளைகள். 'லய் பாரி, சர்!', அதாவது ரொம்பப் பிரமாதம் என்று ஒருவன் மராத்தியிலேயே புகழ்ந்திருந்தான். அதைப் படித்து அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்ததை நினைக்க இப்போது உடம்பெல்லாம் கூசியது.

மனைவி வைஜயந்தியாவது படித்திருப்பாள் என்று ஒரு நப்பாசை. அச்சில் வரட்டும் என்று அவளுக்குக்கூட அவர் முன்னால் காட்டியதில்லை. சமையலறைக்குப் போனார். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வைஜு, என் நாவல்ல முடிவு எப்படி இருந்தது?"

"என்னன்னா திடீர்னு? கடைசி அத்தியாயம் படிச்சுட்டு அழுதுட்டேன், தெரியுமோ?"

அச்சிலேயே வராத அத்தியாயத்துக்கு அழுதிருக்கிறாள்; ஆனாலும் அவள் முகத்தில் கெட்ட எண்ணம் இல்லை. புருஷன் மனசு நோகக் கூடாதே என்ற அக்கறைதான் இருந்தது. மாமியிடம் இவர் சொன்னதும் இதே மாதிரிப் பொய்தான். கோபித்துக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய் மாமியின் நம்பரை அழுத்தினார்.

"மாமி, உங்க காப்பி மட்டும் இல்லை. எல்லாக் காப்பியும் அப்படித்தான். நான் திறந்துகூடப் பார்க்கலை."

"அடடா! அப்போ அந்த நாப்பத்தோரு பேர்?"

"அவா யாரும் படிக்கலை, மாமி. எனக்கு வாசகர்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்டதான் நான் பொய் சொன்னேன்."