‘செத்துஜு’ சொன்னது யார்?

1

எனக்கு வரவேண்டிய பணம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு ரிங்கிட் ஐம்பது சென். ஐந்து மாத ஓவர்டைம். தரவேண்டியது துப்புரவுக் குத்தகைக் கம்பெனி. அதன் மேனேஜர் கிஷன், ‘அடுத்த வாரம்’ என்ற இரண்டே சொல்லை வைத்து அந்த ஐந்து மாதத்தையும் ஓட்டியவர். எனக்கோ கிள்ளானில் இரண்டு மாத வாடகை பாக்கி. இந்த மாதக் கடைசிக்குள் ஒரு மாதத்தையாவது கட்டாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவதாக வீட்டுக்காரர் என் மனைவி வீரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது முதலில் கதையே இல்லை, கம்பெனிக்கு நான் எழுதிய புகார்க் கடிதம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் ஞாயிறுதோறும் வயதானவர்களுக்கு எழுத்து சொல்லித்தரும் மாதவி டீச்சர்தான் எழுதச் சொன்னார். ஐம்பத்தாறு வயதில் ‘அ’ போட்டவன், இரண்டு வருடத்தில் கடிதம்வரை வந்துவிட்டேன். மூன்றாவது வரியில் ‘நான் சட்டமன்றக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிறேன்’ என்று எழுதினேன். அங்கேதான் வழுக்கியது. நாலாவது வரியிலிருந்து கதை.

எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். நானே ஒன்று கட்டிக்கொண்டேன். முதுகு போகும்வரை கட்டுமான வேலை பார்த்தவனுக்கு ஒரு மாநிலம் எழுப்புவது பெரிய காரியமில்லை. அதில் குடைக் கட்சி ஆளுகிறது, ஏணிக் கட்சி எதிர்க்கிறது. விரும்பினால் மாற்றிப்போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியும் இடிக்காது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அது ஒரு மழைக்கால மாலை. மாண்புமிகு உறுப்பினர்கள் மக்களின் துயரத்தை எண்ணிக் கண்’

வேண்டாம். அன்று மழை இல்லை. மற்றதும் இல்லை.

இரண்டாம் முயற்சி: ‘சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளம் முப்பத்தைந்து விழுக்காடு உயர்த்தப்பட்டது.’

எனக்குப் பிடித்திருந்தது. படித்தவன் எழுதியதுபோல் இருந்தது. மாதவி டீச்சர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

“யார் உயர்த்தினா, அங்கிள்? வாக்கியத்துல ஆளையே காணோமே.”

பத்திரிகையைப் பார்த்து எழுதினேன் என்றேன். பத்திரிகையை விரித்துக் காட்டினேன். அதிலும் ஆள் இல்லை. முன்மொழியப்பட்டது, ஏற்கப்பட்டது, உயர்த்தப்பட்டது. இட்லி மாவுபோல் சம்பளம் தானாகப் பொங்கியிருக்கிறது. பானையின் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

3

ஆள் இருந்தார்கள். நான் பார்த்தேன்.

மேலே பார்வையாளர் மாடத்தில் பித்தளைக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே சபாநாயகர் தீர்மானத்தை வாசித்தார். சம்பள உயர்வு, ஜனவரியிலிருந்து முன்தேதியிட்டு.* ஆதரிப்பவர்கள் ‘செத்துஜு’ சொல்லலாம் என்றார். மலாயில் அதற்குச் சம்மதம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு யாரோ செத்துவிட்டதுபோல் விழும்.

இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டிலிருந்தும் வந்தது. ஒரே குரல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது ஏர்கோன் மட்டும் பேசியது. அதிகக் குரல் சம்மதம் என்று சுத்தியலைத் தட்டினார். கை தூக்கச் சொல்லவில்லை, தலை எண்ணவில்லை, பெயர் எழுதவில்லை. காற்றில் வந்தது, காற்றில் போனது. பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

(* என் ஓவர்டைமும் ஜனவரியிலிருந்துதான் பாக்கி. அதை யாரும் முன்மொழியவில்லை.)

4

மறுநாள் ஊர் கொதித்தது. உடனே இரண்டு கட்சியும் பத்திரிகையாளரைக் கூப்பிட்டன. ஒரே அறை, பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. ஒரே மேஜை, ஒரே மேஜைத்துணி, ஒரே மினரல் தண்ணீர். பின்னால் இருந்த கொடியை மட்டும் மாற்றினார்கள். மாற்றியவன் நான்.

குடைக் கட்சிக்காரர் சொன்னார்: நாங்கள் மெதுவாகத்தான் சொன்னோம், எதிர்க்கட்சி போட்ட சத்தத்தை மக்களின் குரல் என்று நினைத்து மதித்தோம். ஏணிக் கட்சிக்காரர் சொன்னார்: தீர்மானம் ஆளுங்கட்சியுடையது, எங்கள் ஆட்கள் கொட்டாவிக்குத்தான் வாயைத் திறந்தார்கள்.

உயர்வைத் திருப்பித் தருவீர்களா என்று ஒரு நிருபர் பெண் கேட்டார். இரண்டு கூட்டமும் அந்தக் கேள்வியோடுதான் முடிந்தன.

5

இங்கே இரண்டு பாத்திரங்கள் வருகிறார்கள். லோகன், குடைக் கட்சியின் கிளைச் செயலாளர். பக்கிரிசாமி, ஏணிக் கட்சியின் கிளைத் தலைவர். இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டால் தாள் மிச்சமாகும் என்று தோன்றியது. குழப்பம் வேண்டாமென்று லோகனுக்கு ஒரு மீசை வைத்திருக்கிறேன்.

மாடத்தில் ஒரு துப்புரவாளன் இருந்தான், அவன் எழுதவும் செய்கிறான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கிள்ளானில் நான் தேநீர் குடிக்கும் கடைக்கே லோகன் வந்தார். காசும் அவரே கொடுத்தார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

“அண்ணே, மேலேருந்து பார்த்த ஒரே சாட்சி நீங்கதான். ஏணிக்காரன்தான் மொதல்ல கத்தினான்னு ஒரு வரி போடுங்க லா. உங்க ஓவர்டைம் விஷயத்த நான் வைபிகிட்ட பேசறேன்.”

மறுநாள் பக்கிரிசாமி. அதே கடை, அதே தேநீர், அதே வைபி பேச்சு (வைபி என்றால் எங்கள் ஊரில் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்). ஆள் மட்டும் வேறு. லோகனும் இதையே சொன்னார் என்றேன். அவர் சிரித்தார்.

“அவன் பேச்ச நம்புறியா, தம்புசாமி? ஒன் கம்பெனிக்குக் குத்தகைய தூக்கிக் குடுத்ததே அவனுங்கதானே.”

இதை லோகனிடம் சொன்னேன். குத்தகை கொடுத்தது போன ஆட்சியில், அதாவது ஏணிக்காரர்கள் என்றார். கிஷனின் ஆபீசைத் துடைப்பவனும் நான்தான். சுவரில் அவர் இரண்டு வைபிகளோடும் கைகுலுக்கும் படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் அதே சட்டை.

ரெண்டு பக்கமும்தான் கேட்டுச்சு என்று இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். பக்கிரிசாமி எழுந்து போய்விட்டார். லோகன் மட்டும் என்மேல் அக்கறையோடு, “அப்படி எழுதினா கதை எடுபடாது அண்ணே,” என்றார்.

6

முடிவுகள், பொறுக்கிக்கொள்ள:

(அ) லோகன் கேட்ட வரியை எழுதுகிறேன். பணம் வருகிறது. [அடுத்த வாரம்.]

(ஆ) பக்கிரிசாமி கேட்ட வரியை எழுதுகிறேன். பணம் வருகிறது. [அதற்கும் அடுத்த வாரம்.]

(இ) உறுப்பினர்கள் எல்லாரும் வெட்கப்பட்டு, உயர்ந்த சம்பளத்தை விட்டுக்கொடுத்து, துப்புரவாளர்களின் பாக்கியைத் தீர்த்து [டீச்சர் ஓரத்தில் எழுதியது: நாம் நடந்த கதை அல்லவா எழுதுகிறோம்?]

மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது.

7

நடந்தது இதுதான். கம்பெனியின் குத்தகை முடிந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில், கிஷன் எங்கள் பதினொரு பேரையும் நிறுத்தினார். கம்பெனியில் பணமில்லை, பாதி தரலாம், இன்றைக்கே, கையில். மீதியைக் கேட்கக்கூடாது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே முடிவு. ஒருவர் மறுத்தாலும் உறைகள் திரும்பிப் போகும், லேபர் ஆபீசில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பவுனம்மாள் முணுமுணுத்தாள். அவளுக்கு என்னைவிட அதிகம், இரண்டாயிரத்துக்கு மேல். வழக்குப் போட்டு முழுசாக வாங்கலாம் என்று ஒரு வாரமாக எங்களைக் கூட்டிக் கூட்டிப் பேசியவள்.

“ஆளுக்கு ஆள் கேட்க நேரமில்ல,” என்றார் கிஷன். “ஓகேன்னா செத்துஜு சொல்லுங்க.”

ஒரு குரல் வந்தது.

வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டார். எக்சாஸ்ட் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பவுனம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் உறைகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், முன்வரிசை கை நீட்டிவிட்டது. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அவள் கைநாட்டு.

திரும்பி வரும் வேனில் அவள் கேட்டாள்.

“எவன் சொன்னது அந்தச் செத்துஜு? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள.”

பின்சீட்டுக்காரர்கள் முன்சீட்டு என்றார்கள். முன்சீட்டுக்காரர்கள் பின்சீட்டு என்றார்கள். தான் அங்கே இல்லவே இல்லை என்றார் டிரைவர். அது ஒன்றுதான் உண்மை. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. எழுதத் தெரிந்த ஆள் என்ற மரியாதை.

“நீங்க கேட்டீங்களா, தம்புண்ணே? எந்தப் பக்கம்?”

ரெண்டு பக்கமும்தான் கேட்டுச்சு என்றேன்.

8

‘பாதிப் பணம் போதும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.’ அடித்துவிட்டேன்.

‘கூட்டத்தில் யாரோ’ அடித்துவிட்டேன்.

நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். உறையில் ஐந்நூற்று எழுபத்து மூன்று ரிங்கிட் இருபத்தைந்து சென் இருந்தது. ஐந்நூற்று ஐம்பது வாடகைக்குப் போனது. பூட்டு மாறவில்லை. லோகனிடமும் பக்கிரிசாமியிடமும் இனி எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை, அவர்களுக்கும் என்னிடம் ஒன்றுமில்லை.

மீதிப் பாதியைத் தள்ளுபடி செய்தவன் நான். என்னுடையதை மட்டுமல்ல, பவுனம்மாளின் ஆயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்து. அவளுக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்; இந்த மாதம் கூப்பிடவில்லை. யாராவது படித்துக்காட்டினால் ஒழிய இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. அவள் வீடு கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பின்னால்தான், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது.