நெஞ்சளவுத் தண்ணீர்

நியூசிலாந்தின் புக்கெகோஹியில் கிறேயம் என்பவரின் மரக்கறிப் பொதி ஷெட்டில், ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி எறிவது ஏரம்பமூர்த்தியின் வேலை. மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து விடியமுன்னம் கூட வேலை செய்யும் சிறிலின் காரில் புறப்பட்டு வந்து, பின்னேரம்வரை அழுகியது, அழுகாதது என்று பிரித்துக்கொண்டு நிற்பார். நாட்டை விட்டு வருமுன் அவர் வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். வாய்க்கால், மதகு, தண்ணீர்த் தொட்டி என்று அவர் நின்று கட்டுவித்தவை பல. ஆக்லாந்தில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் உள்ளூர் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உள்ளூர் அனுபவம் வேண்டுமென்றால் உள்ளூரில் முதலில் யாராவது வேலை தர வேண்டும் என்று ஓரிடத்தில் அவர் விளக்கிச் சொன்னார். அங்கிருந்தவர்களும் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அனுபவம் கிடைத்ததும் வரச் சொன்னார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு விதைக் கம்பனியொன்று கிறேயத்தைப் பின்லாந்துக்குக் கூட்டிப்போயிற்று. அங்கே விதையைப் பற்றி என்ன படித்தாரோ தெரியாது. திரும்பி வந்த கையோடு வீட்டுக் கோடிப்புறத்தில் பலகையால் ஓர் அறை கட்டினார். அறைக்குள் ஓர் அடுப்பு, அடுப்பின்மேல் கற்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து வேர்க்க வேண்டும். அதற்குப் பெயர் சோனா. வெயிலில் நின்று சம்பளத்துக்கு வேர்த்துப் பழகிய ஏரம்பமூர்த்திக்கு அது விளங்க நேரமெடுத்தது. முதலாளியின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்.

“சூடு பாதி வேலைதான், மோர்ட்டி,” என்றார் கிறேயம். ஏரம்பமூர்த்தி என்ற பெயரில் அவரால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான். “பக்கத்திலேயே குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நெஞ்சளவுக்கு ஒரு தொட்டி. நீ எஞ்சினியர்தானே?”

அந்தப் பதவி உயர்வை ஏரம்பமூர்த்தி மறுக்கவில்லை.

“என் அண்ணன் வொறனுக்குக் காங்கிறீற் கம்பனி இருக்கிறது. அவனைக் கேட்டால் என் பேரப்பிள்ளைகள் குளிக்கும் காலத்தில்தான் முடித்துத் தருவான். நீ கட்டு. முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். அவனுக்குப் பிடித்துவிட்டால் உன்னை வேலைக்கு எடுப்பான்.”

அன்று பின்னேரம்வரை பெல்ட்டில் அழுகல் வெங்காயம் நிறையத் தப்பிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவி ரதிதேவிக்கு விசயத்தைச் சொன்னார். அவர் தோசை வார்த்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பெட்டிக்குள்ள இருந்து வேர்த்துப்போட்டுப் பேந்து?”

“பேந்து குளிர்தண்ணி.”

“வேர்வையோட அந்தத் தொட்டிக்குள்ள இறங்குவினமோ?”

“சீ! உமக்கென்ன விசரே? ஒராள் இறங்கினாப் பேந்து அந்தத் தண்ணியை ஆர் தொடுறது? அள்ளித்தான் ஊத்துவினம்.”

“அதுதானே,” என்றார் ரதிதேவி. “வெள்ளையள் எண்டாலும் மனுசர்தானே.”

அவர்கள் இருந்த வாடகை வீட்டின் குளியலறையில் ஆள் படுக்கக்கூடிய நீளமான வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு வாளியும் ஒரு கோப்பையும் இருந்தன. குடும்பம் முழுவதும் வாளியில் தண்ணீர் பிடித்து, கோப்பையால் அள்ளிக் குளித்தது. ஒரு வாளி வைப்பதற்காகவா இந்த நாட்டார் இவ்வளவு பெரிய தொட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

சனிக்கிழமைகளில் வேலை நடந்தது. கூட நின்றவர் சிறில். மன்னார்க்காரர், ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுபவர், அதற்கு முன் மேசன். புக்கெகோஹியின் சிவந்த மண்ணை ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி இறக்கினார்கள். கம்பி கட்டி, காங்கிறீற் போட்டு, சுவரைத் தரைக்கு மேலும் இடுப்பளவுக்கு எழுப்பினார்கள். சருகு விழக்கூடாது, தவளை விழக்கூடாது, பிள்ளைகள் விழக்கூடாது என்பது ஏரம்பமூர்த்தியின் எண்ணம். தொட்டியின் பக்கத்திலே நின்று குளிப்பதற்கு ஒரு சீமெந்துத் தளம். தளத்துக்கு ஒரு சரிவு. சரிவின் முடிவில் ஒரு கான். குளித்த தண்ணீர் அந்தக் கான் வழியாகக் கிறேயத்தின் கீரைப் பாத்திக்குப் போய்ச் சேரும். இந்தக் கானில்தான் அவருக்குப் பெருமை அதிகம். மட்டப்பலகையை வைத்து வைத்துப் பார்த்தார்.

உட்சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்த சிறில் கரண்டியை நிறுத்தினார்.

“அண்ணை, உள்ளுக்கு இறங்கிறதுக்குப் படி கிடி வேண்டாமோ?”

“ஆர் இறங்கிறது?”

“இல்லை, சும்மா கேட்டன்.”

“கழுவுறதெண்டால் ஏணி வைச்சு இறங்கலாம்.”

“ஒருக்காக் கிறேயத்திட்டைக் கேட்டுப் பாப்பமே?”

“கேட்டால் இவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுப்போடுவான். பேந்து தமையனுக்கும் அதைத்தான் சொல்லுவான். எஞ்சினியர்மார் உப்பிடிக் கேள்வி கேக்கிறேல்லை, சிறில்.”

“சரி. அப்ப மேசனும் கேக்கேல்லை,” என்று சொல்லிவிட்டுச் சிறில் பூசத் தொடங்கினார். கோபமோ என்னவோ, அன்று அவர் பூசிய பூச்சில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

கிறேயம் இடையிடையே வந்து பார்த்தார். உயர்ந்த சுவரைப் பார்த்து, நாய் விழாமலிருக்க நல்ல ஏற்பாடு என்றார். சீமெந்துத் தளத்தைப் பார்த்து, கதிரை போட்டு பியர் குடிக்கத் தோதான இடம் என்றார். சுவரில் கொளுக்கி அடித்து ஏரம்பமூர்த்தி தொங்கவிட்டிருந்த இரண்டு செப்புக் குவளைகளையும் கண்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்லாந்தில் இப்படிக் குவளையால் அள்ளித்தான் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுவார்களாம். சொல்லாமலே மோர்ட்டிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதாம். ஏரம்பமூர்த்தி அடக்கமாகச் சிரித்தார். எல்லாம் சரியாகப் போகிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

தொட்டியை நிரப்பி, ஒழுக்குப் பார்க்க வேண்டும், அண்ணன் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி, பலகை போட்டு மூடினார் ஏரம்பமூர்த்தி.

வொறன் வந்தது அந்த நாட்டுக் குளிர்காலமான ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குப் பிறகு. “கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போங்கோ,” என்று ரதிதேவி சொல்லியிருந்தார். “வேலை கேக்கப் போறியள். வெங்காயம் பொறுக்கிற ஆள் மாதிரி நிக்காதேங்கோ.” ஏரம்பமூர்த்தி கலியாண வீடுகளுக்குப் போடும் காற்சட்டையும் நீலக் கழுத்துப்பட்டியுமாகச் சிறிலோடு போய்ச் சேர்ந்தார். வொறன் சேற்றுச் சப்பாத்தும் கம்பளிச் சட்டையுமாக வந்திருந்தார். வாய் திறக்காத மனிதர். கிறேயம் சோனாவுக்குள் வெந்துகொண்டிருக்க, அவர் பலகை நீக்கிய தொட்டியைச் சுற்றி வந்தார். சுவரைக் கையால் தட்டினார். கானைக் காலால் அளந்தார். ஏரம்பமூர்த்தி அவருக்குப் பின்னாலேயே, ஓர் அடி தள்ளி, சுற்றி வந்தார்.

அப்போது சோனாக் கதவு திறந்தது. அவித்த றால் நிறத்தில், ஒரு கட்டைக் காற்சட்டையோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்கக் கிறேயம் வெளியே வந்தார். ஏரம்பமூர்த்தி சுவருக்கு மேலால் குனிந்து ஒரு குவளையில் தண்ணீர் அள்ளி, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினார். கிறேயம் அவரைத் தாண்டி ஓடினார். சுவரில் ஏறிக் குந்தினார். கால்கள் இரண்டையும் தூக்கி உள்ளே போட்டார். பிறகு ஆளைக் காணவில்லை.

தண்ணீர் எழும்பிச் சுவருக்கு மேலால் வெளியே தெறித்தது. தெறித்த தண்ணீர் தளத்தில் விழுந்து, சரிவில் ஓடி, கானில் இறங்கி, நேராகக் கீரைப் பாத்திக்குப் போயிற்று. அந்தப் பகுதி திட்டமிட்டபடியே வேலை செய்தது.

உள்ளே கிறேயம் கூவினார், சிரித்தார், கெட்ட வார்த்தைகளால் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு ஒரு பக்கமாக நகர்ந்து சுவரைத் தடவினார். மற்றப் பக்கம் போய்த் தடவினார். நான்கு பக்கமும் ஆயிற்று. சிறிலின் பூச்சைக் குறை சொல்ல முடியாது. பிடிப்பதற்கு ஒரு நகம் அளவு மேடுபள்ளம் கிடையாது. உயரமான மனிதர் ஆனபடியால் கையை நீட்டினால் விளிம்பு எட்டியது. அதற்குமேல் அவரைத் தூக்குவதற்கு அந்தக் கைகளால் முடியவில்லை. அவருடைய வயிறு அதற்கு உடன்படவுமில்லை.

“மோர்ட்டி,” என்றார் கிறேயம், “ஏறுகிற வழி எங்கே?”

வொறன் திரும்பி ஏரம்பமூர்த்தியைப் பார்த்தார். ஏரம்பமூர்த்தி கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அதில் இன்னும் தண்ணீர் இருந்தது.

வொறன் குனிந்து தம்பியின் கைகளைப் பிடித்து இழுத்தார். கிறேயம் பாதிக்கு வந்து வழுக்கினார், வொறன் திரும்பவும் இழுத்தார், கிறேயம் திரும்பவும் வழுக்கினார். ஏணி ஷெட்டில் இருந்தது. ஷெட் தோட்டத்தின் மற்ற அந்தத்தில் இருந்தது. சிறில் ஓடினார்.

கிறேயம் முதலில் பகிடி விட்டார். பிறகு பகிடி நின்று திட்டத் தொடங்கினார். பிறகு திட்டும் நின்றது. அதுதான் ஏரம்பமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. முதலாளியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. சிவப்பெல்லாம் வடிந்து, மனிதர் ஒரே இடத்தில் நின்று, ஒன்றையும் பார்க்காமல் நடுங்கினார்.

ஏரம்பமூர்த்தி சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாக வைத்தார். கழுத்துப்பட்டியைக் கழற்ற நேரமிருக்கவில்லை. வேர்வை கலந்த, இன்னொருவர் இறங்கிய, எச்சில்பட்டதற்குச் சமமான அந்தத் தண்ணீருக்குள் அவர் சுவரேறிக் குதித்தார்.

தண்ணீர் குளிர் என்று சொல்வதில் பிரயோசனமில்லை. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. அவர் சுவரோரம் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் கோத்துக் கொடுத்தார். கிறேயம் அதில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலைத் தோளில் வைத்தார். மேலேயிருந்து வொறன் இழுக்க, கீழேயிருந்து அவர் உந்த, கிறேயம் சுவரைத் தாண்டி உருளைக்கிழங்கு மூட்டை மாதிரித் தளத்தில் விழுந்தார். வொறன் அவரைத் துவாயால் சுற்றி, தாங்கிக்கொண்டு போய்ச் சோனா வாசலில் இருத்தினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திட்டுச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

பிறகு வொறன் திரும்பி வந்தார். சுவரில் முழங்கைகளை ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்தார். ஏரம்பமூர்த்தி நெஞ்சளவுத் தண்ணீரில், கழுத்துப்பட்டி மிதக்க, நிமிர்ந்து நின்றார்.

“படி எங்கே?” என்று வொறன் கேட்டார். அன்று அவர் ஏரம்பமூர்த்தியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அந்நேரம் பார்த்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிறில் வந்து சேர்ந்தார். மூச்சு இரைத்தாலும் ஆங்கிலம் தெளிவாக வந்தது. “படி அடுத்த கிழமை வருகிறது, சேர். ஓடர் பண்ணியிருக்கிறோம். துருப்பிடியாத படி!” பிறகு தமிழில், “அண்ணை, ஓமெண்டு தலையை ஆட்டுங்கோ.”

ஏரம்பமூர்த்தியின் தலை குளிரில் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சற்று மேலும் கீழுமாகத் திருப்பிவிட்டால் காரியம் முடிந்தது. திங்கட்கிழமை வெங்காயத்துக்குப் போகவேண்டியிராது. அவர் அதை நினைத்தார். கையை நாடிக்குக் கொடுத்துத் தலையை நிறுத்தினார்.

“இல்லை,” என்றார். “படி திட்டத்திலேயே இல்லை. எங்கள் ஆட்கள் வெளியே நின்று அள்ளிக் குளிப்பார்கள். ஆள் உள்ளே இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.”

“விசர் மனுசன்,” என்று சிறில் ஏணியைத் தரையில் போட்டார்.

“ஏன் கேட்கவில்லை?”

“கேட்டால் நான் எஞ்சினியர் இல்லை என்று தெரிந்துவிடும்.”

“நீ எஞ்சினியர் இல்லையா?”

“இல்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர்.”

“அதையும் சொல்லுங்கோ,” என்றார் சிறில் தமிழில். “என்ர ஃபோர்க்லிஃப்ற் லைசென்ஸையும் எடுத்துக் காட்டுங்கோ. அதுவும் முடிஞ்சுபோச்சு.”

வொறன் கொளுக்கியில் தொங்கிய குவளையைப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். கான் போய் முடியும் இடம்வரை அவருடைய கண் போய் வந்தது. அது அவருக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். வாயின் ஒரு மூலை அசைந்தது.

“எப்போது நிரப்பினாய்?”

“மூன்று கிழமைக்கு முன்.”

“இடையில் தண்ணீர் விட்டாயா?”

“இல்லை. மழை விழாமல் மூடியும் வைத்தேன்.”

“எவ்வளவு குறைந்தது?”

“குறையவில்லை. உங்கள் தம்பி குதித்தபோதுதான் குறைந்தது.”

வொறன் சட்டைக் கையைச் சுருட்டினார். உட்சுவரில் உள்ளங்கையை வைத்து, எட்டுமட்டும் மெதுவாகத் தடவினார். மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நான் தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறேன்,” என்றார். “மாடு குடிக்கும், வெங்காயம் குடிக்கும். ஆள் இறங்குவதில்லை. இறங்கக்கூடாது. ஆனால் என்னிடம் வேலை செய்கிறவர்கள் கட்டியதில் அரைவாசி ஒழுகுகிறது. ஏனென்று கேட்டால் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை சொல்கிறான்.” அவர் நிமிர்ந்து கையைக் காற்சட்டையில் துடைத்தார். “நாளைக்கு வா. கிறேயத்துக்கு நான் சொல்கிறேன். இந்தப் பூச்சுப் பூசின ஆளையும் ஒருநாள் கூட்டி வா.”

சிறில் ஏணியை நிமிர்த்திக்கொண்டு நேராக நின்றார்.

ஏரம்பமூர்த்தி எத்தனை மணிக்கு என்று கேட்க வாயைத் திறந்தார். பல்லும் பல்லும் அடித்ததில் முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை வந்தது.

“ஏழு மணிக்கு,” என்றார் வொறன். “எங்கே குடியிருக்கிறாய்? கார் இருக்கிறதா? கம்பி வளைக்கத் தெரியுமா, அல்லது ஆள் வைத்துத்தான் செய்வாயா?”

ஒவ்வொன்றுக்கும் ஏரம்பமூர்த்தி தண்ணீருக்குள் நின்றபடியே, நடுக்கத்தின் இடைவெளியில், முழு வசனமாகப் பதில் சொன்னார். நடுவில் நிறுத்தினால் மனிதர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் அவருக்கு.

சிறில் ஏணியைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணை,” என்றார் கடைசியில், “ஏணியை இப்ப இறக்கட்டோ, இல்லாட்டி லீவு, சம்பளம் எல்லாம் கதைச்சு முடிச்சிட்டோ ஏறப்போறியள்?”

“சம்பளத்தை நாளைக்குக் கதைப்பன்,” என்றார் ஏரம்பமூர்த்தி. “இறக்கும்.”