படர்தாமரையும் ஐம்பத்து மூன்று கிலோ பிரிவும்

இராமதாஸ் வீட்டில் ஒரு தோல் கிரீமுக்குத் தனி மரியாதை உண்டு. கொசு கடித்தால் அது, வேர்க்குரு வந்தால் அது, மனைவி வசந்தாவின் கன்னத்தில் பரு முளைத்தாலும் அதுவேதான். குடிநீர் கேன் வண்டி ஓட்டும் மனிதர் அவர். ரெட்டியார்பாளையத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் வண்டி திரும்பவே திரும்பாது. மெடிக்கலில் வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கிற மருந்துக்கு எதற்கு வரிசையில் நின்று காலை ஒடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆகவே மகள் ஹேமலதாவுக்குக் கக்கத்துக்குக் கீழே படர்தாமரை வந்தபோதும் அதே ட்யூபைத்தான் வாங்கி வந்தார். ஹேமலதா மல்யுத்தக்காரி. உப்பளம் விளையாட்டரங்கில் தினமும் சாயங்காலம் வியர்வையோடு வியர்வையாக விரிப்பில் புரண்டு எழுகிறவள். கிரீம் போட்டதும் அரிப்பு போயிற்று, சிவப்பும் போயிற்று. இராமதாஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வந்து உட்கார்ந்தது. மறுபடி கிரீம் போட்டாள், மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது. கடைசியில் அவளே கிளம்பிப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல பூஞ்சைக்கு ஒரு மருந்து இருக்கு. கூடவே ஸ்டீராய்டும் இருக்கு. அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிடும், தோல் எதுத்து நிக்கற சக்தியையும் சேர்த்து அமுக்கிடும். பாக்க ஆறினாப்பல இருக்கும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். இத நிறுத்தும்மா. கொஞ்ச நாள் சிவந்து படுத்தும், தாங்கிக்க. நான் குடுக்கற மாத்திரையையும் பூஞ்சை கிரீமையும், போதும்னு நான் சொல்ற வரைக்கும் விடாத. இது ஒட்டிக்கும், ஆறுற வரைக்கும் யாரோடவும் கட்டிப் புரளாத."

வந்தது பாருங்கள் சோதனை. தேசியப் போட்டிக்குப் புதுச்சேரி சார்பாக ஐம்பத்து மூன்று கிலோ பிரிவில் ஒரே ஒரு பெண்தான் போக முடியும். அதற்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கூடப் பயிற்சி செய்யும் கார்குழலி நன்றாகத்தான் ஆடுவாள், ஆனாலும் அந்த இடம் ஹேமலதாவுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். தேர்வன்று எடை பார்க்கும்போது தோலையும் பார்ப்பார்கள்; தொற்று இருந்தால் விரிப்பில் இறக்க மாட்டார்கள். அதற்குள் ஆறிவிடும் என்று நம்பி, ஹேமலதா யாரையும் தொடாமல் ஓட்டமும் உடற்பயிற்சியுமாகத் தனியே பாடுபட்டாள்.

ஆறவில்லை. கிரீமை நிறுத்தியதில் தோல் தீயாய்ச் சிவந்தது. சாப்பிடும்போதுகூட இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சொறியாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து இராமதாஸ் அசந்துபோனார். அசந்துபோன கையோடு போய் இன்னொரு ட்யூப் வாங்கி வந்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

"ரெண்டு நாள் மட்டும் போடும்மா. சிவப்பு அமுங்கிடும், யாருக்கும் தெரியாது. போட்டி முடிஞ்சதும் டாக்டர் சொன்னத செஞ்சிக்க."

"எனக்குத் தெரியுமில்லப்பா? இந்தக் கையாலதான் கார்குழலி கழுத்த வளைச்சிப் புடிக்கணும். அவ வூட்ல அவ அக்கா கொழந்த இருக்கு. போனதும் மொதல்ல அதத்தான் தூக்குவா."

"இத்தினி வருசம் பட்ட பாடெல்லாம் வீணாப் போவுமேடி!"

ஹேமலதாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ட்யூபை மட்டும் கையால் தொடவில்லை.

தேர்வன்று காலை, பரிசோதிக்க வந்த டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே ஹேமலதா கையை உயர்த்திக் காட்டினாள். இத்தனை நாள் என்ன போட்டாள், இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "கார்குழலியையும் நல்லாப் பாத்துடுங்க மேடம். முன்னாடி அவளோடதான் ஆடினேன்" என்றாள். டாக்டர் கார்குழலியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அவள் தோலில் ஒரு குறையும் இல்லை. ஹேமலதாவின் பெயரை அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

இராமதாஸ் பார்வையாளர் வரிசையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் வெளியே வந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவதாகத்தான் எண்ணம். அவளோ வீட்டுக்குப் போகிற வழியாகவே இல்லை. நேரே முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கடைசிச் சுற்றில் கார்குழலிக்கும் காரைக்கால் பெண்ணுக்கும் போட்டி. கார்குழலி தடுமாறினாள். புள்ளிகள் எதிராளி பக்கம் ஏறிக்கொண்டே போயின.

"நிமிராதடி! கீழ எறங்கு! அவ வலது கால முன்னாடி வெக்கறா பாரு, அதப் புடி!" ஹேமலதாவின் குரல் கூரையைத் தொட்டது. கார்குழலி சட்டென்று இறங்கி அந்தக் காலை வாரினாள். "வுடாத! வுடாத! திருப்பு!" என்று இவள் இங்கே கத்த, அவள் அங்கே எதிராளியைத் திருப்பி முதுகு விரிப்பில் படிய அழுத்தினாள். முதுகு பட்டுவிட்டால் புள்ளிக் கணக்கே கிடையாது; நடுவர் விசில் ஊத, கார்குழலி ஜெயித்தாள். தன் கையை விட்டுப் போன இடத்துக்கு ஹேமலதா குதித்துக் குதித்துக் கைதட்டினாள்.

இப்படி ஒரு பெண் நம் வீட்டிலா வளர்ந்தது என்று இராமதாஸ் வியந்துபோய் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்தில் இருந்தவர் கைகொடுக்க வந்தார். "செயிச்ச பொண்ணு உங்க பொண்ணுங்களா?"

"இல்லீங்க" என்றார் இராமதாஸ். "அதோ, கம்பியப் புடிச்சிக்கினு கத்துது பாருங்க. அதான் எம் பொண்ணு."